ஜாக்கியும் பிரேக்கும் ஒரே கணக்கு: பழைய வண்டிக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பழைய காரையோ லாரியையோ சீரமைக்க இறங்குபவர்கள் இரண்டு வேலைகளைத் தனித்தனியாக நினைத்துக்கொள்கிறார்கள். டிக்கியில் துருவேறிக் கிடக்கும் ஒரிஜினல் ஜாக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. மிதித்தாலும் நிற்காத வண்டியை நிற்க வைப்பது இன்னொன்று. ஆனால் இரண்டும் ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன: விசையில் லாபம் வேண்டுமானால் தூரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஜாக்கியில் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். பிரேக்கில் எல்லாம் குழாய்க்குள் நடந்துவிடுகிறது. அதனால் ஜாக்கியைப் பிரித்து மாட்டியவருக்கு, டிஸ்க் பிரேக் போட்ட பிறகு பெடல் ஏன் கல்லாகிவிட்டது என்ற கேள்விக்குப் பாதி விடை கையிலேயே இருக்கும்.

திருகு ஜாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் நீளம் 30 செ.மீ. என்றால், ஒரு முழுச் சுற்றில் உங்கள் கை சுமார் 188 செ.மீ. தூரம் போகிறது. மரையின் இடைவெளி 6 மி.மீ. என்றால், அதே சுற்றில் வண்டி 6 மி.மீ. மட்டுமே ஏறுகிறது. ஏட்டுக் கணக்குப்படி உங்கள் விசை 314 மடங்கு பெருகவேண்டும். நடைமுறையில் உராய்வு பெரும்பகுதியை விழுங்கிவிடும். கைக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இந்த உராய்வைக் குறை சொல்லக் கூடாது. கையை எடுத்த பிறகும் திருகு தானாகச் சுழன்று வண்டி இறங்காமல் நிற்பது அதனால்தான்.

ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கியில் மரையின் இடத்தில் எண்ணெய் இருக்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அதே அளவில் போய்ச் சேரும் என்பது பாஸ்கல் விதி. பம்ப் பிஸ்டனின் விட்டம் 1 செ.மீ., தூக்கும் பிஸ்டனின் விட்டம் 4 செ.மீ. என்றால் பரப்பு 16 மடங்கு, விசையும் 16 மடங்கு. ஆனால் பம்ப் 2 செ.மீ. இறங்கினால் வண்டி ஏறுவது 1.25 மி.மீ. மட்டுமே. நாற்பது தடவை அடித்தால் 5 செ.மீ. இந்தப் பரப்புக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் திரும்ப வரும்.

ஜாக்கியைத் தொடும் முன்

துணியால் துடைத்துவிட்டு, அதில் குத்தியிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் போட்டோ எடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகலும் எடுத்து வையுங்கள். அது எந்த வண்டியோடு வந்த ஜாக்கி என்பதற்கு அந்த எழுத்துகள்தான் சாட்சி. கிரைண்டரில் பிடித்து அவற்றை அழித்துவிட்டால், எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அது வெறும் இரும்பு. மணல் வீச்சும் ஆகாது; மரையின் முகத்தையும் ராட்செட் பல்லின் விளிம்பையும் அது தின்றுவிடும்.

துருவை எடுக்க மின்பகுப்பு நல்ல வழி. இரும்பைத் தின்னாது, துருவை மட்டும் விடுவிக்கும். பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் தண்ணீர், அதில் ஐந்து மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் ஒன்று. சார்ஜரின் எதிர்முனையை ஜாக்கியின் பாகத்திலும், நேர்முனையை வேண்டாத சாதா இரும்புத் தகட்டிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் கரையப்போவது ஜாக்கி. இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. 2 முதல் 6 ஆம்பியர் போதும், ஓர் இரவு விட்டால் துரு கருஞ்சேறாக உதிரும். புதிய தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இல்லாமல் மின்சாரமே விடாது, அதனால்தான் பழைய மாடல். தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மம் தண்ணீரில் இறங்கும். வாளியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் காற்றோட்டமான இடமும், நெருப்பில்லாத சூழலும் வேண்டும். கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரை அணையுங்கள்.

ஸ்பிரிங்கையும், கடினமாக்கப்பட்ட சிறு பின்களையும் இந்த வாளியில் போடாதீர்கள். வினிகரிலும் அமிலத்திலும்கூடத்தான். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். பார்வைக்கு நன்றாக இருந்து, பாரம் ஏறும்போது ஒடியும். அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்தால் போதும். வெளியே எடுத்த பாகங்களைக் கழுவி உடனே சூடாக உலர்த்துங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலும் மஞ்சள் துரு மறுபடி படரும்.

அமெரிக்க வண்டிகளோடு வந்த பம்பர் ஜாக்கியில் பார்க்கவேண்டிய இடம் ஒரு கட்டைவிரல் அகலம்தான். நிமிர்ந்து நிற்கும் கம்பத்தில் பற்கள் இருக்கும். தூக்கும் கூட்டுக்குள் மேலும் கீழுமாக இரண்டு பின்கள். லிவரை அழுத்தும்போது பாரம் ஒரு பின்னிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. ஒன்று பிடித்திருக்கும்போது மற்றது ஒரு பல் மேலே ஏறி உட்காரும். பழைய கிரீஸ் பின் ஓடும் துளையில் மெழுகு மாதிரி இறுகிவிட்டால், ஸ்பிரிங்கால் பின்னை முழுதாக வெளியே தள்ள முடியாது. பின் பல்லின் நடுவில் உட்காராமல் விளிம்பில் தொற்றிக்கொள்ளும். பத்துத் தடவை தாங்கும், பதினோராவது தடவை விளிம்பு சிராய்ந்து வண்டி ஒரு பல் விழும். அந்த அதிர்வில் அடுத்த பல்லும் போகும். ஆகவே இந்த இடத்துக்குக் கெட்டிக் கிரீஸ் ஆகாது. துளையை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெயோ கிராஃபைட் தூளோ போதும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். விரலால் பின்னை உள்ளே தள்ளி விட்டால் ‘டக்’ என்று வெளியே வரவேண்டும். நகர்ந்து நகர்ந்து வந்தால் வேலை முடியவில்லை. கிரீஸ் போடவேண்டிய இடம் திருகு ஜாக்கியின் மரையும் அதன் அடியிலுள்ள தாங்கு வளையமும். பெயின்ட் மரையிலும் பின் துளையிலும் படக் கூடாது.

பாட்டில் ஜாக்கி ஏறிய பிறகு மெல்ல இறங்கினால், பழி பெரும்பாலும் சீலின் மீதோ, அடியிலிருக்கும் சிறு எஃகுக் குண்டுகளின் மீதோ போகும். குண்டு உட்காரும் இருக்கையில் ஒரு துகள் இருந்தால் போதும், அழுத்தம் நிற்காது. கழுவிவிட்டு, குண்டை இருக்கையில் வைத்து, பித்தளைக் கம்பி வைத்து ஒரே ஒரு மெல்லிய தட்டு தட்டினால் புதுத் தடம் விழும். பழைய ஜாக்கிகளில் தோல் கிண்ண சீல் இருக்கும். புதுத் தோலை ஜாக்கி எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து மாட்ட வேண்டும். எண்ணெய் நிரப்பும்போது தூக்கும் பிஸ்டன் முழுதாகக் கீழே இருக்கட்டும், நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை போதும். பிறகு இறக்கும் வால்வைத் திறந்துவைத்தே பத்துப் பன்னிரண்டு தடவை அடித்தால் காற்று வெளியேறும்.

சோதிக்கும்போது சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சமதளத்தில், ஒரு மூலையை மட்டும் தூக்குங்கள். 2 செ.மீ. கீழே ஸ்டாண்ட் நிற்கட்டும். உயரத்தைக் குறித்துக்கொண்டு கால் மணி நேரம் பாருங்கள். இதில் தேறினாலும், ஒரிஜினல் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அது புதிதாக வந்த காலத்திலேயே வண்டிக்கு அடியில் படுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கீழே சொல்லப்போகும் பிரேக் வேலை முழுவதையும் டிராலி ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டே செய்யுங்கள். சக்கர நட் திறக்க மறுத்தால் குழாய் போட்டு மிதிக்கும் முன் போல்டின் முனையைப் பாருங்கள். பழைய கிரைஸ்லர், டாட்ஜ் வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் நட் கழலும்.

இரண்டு எண்ணெய், ஒரு மேசை

ஜாக்கி வேலையும் பிரேக் வேலையும் ஒரே மேசையில் நடந்தால் ஓர் ஆபத்து இருக்கிறது. ஜாக்கிக்குப் போவது மினரல் எண்ணெய். சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகை. இரண்டுக்குமான ரப்பர் வேறு வேறு. பிரேக் சீலில் மினரல் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். பெடல் மிதிக்கும்போது எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊதிய சீல் எண்ணெய் திரும்பும் துளையை அடைக்கும், ஓட ஓட பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஜாக்கியில் பிரேக் ஆயில் ஊற்றினால் அங்கேயுள்ள சீல் கெடும். புனலும் கேனும் தனித்தனியாக இருக்கட்டும். பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவதும் இதே தப்பு. பிரேக் கிளீனரோ ஸ்பிரிட்டோதான் சரி. விதிவிலக்கும் உண்டு: 1960களின் பிற்பகுதி முதல் வந்த சிட்ரோயன் டி.எஸ். மாதிரியான சில வண்டிகளுக்கு மினரல் எண்ணெயே பிரேக் ஆயில். மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

கிளைக்கால் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை, கேனில் ‘டாட்’ என்று போட்டிருக்கும் தர வரிசையில், டாட் 3-க்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஈரம் ஏறியபின் 140, 155 என்று இறங்கிவிடும். சிலிக்கான் வகையான டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டையும் கெடுக்காது. வருடத்தில் பாதி நாள் நிற்கும் வண்டிக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு. ஆனால் கிளைக்காலோடு சேராது, குமிழ் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் நெருக்கம், அது கிளைக்கால் வகை.

முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள்

டிஸ்க் செட் வாங்கும் முன் ஒரு விஷயம். சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும் பழைய டிரம் பிரேக் சரியாக இருந்தாலே சக்கரத்தைச் சறுக்க வைக்கும். பிடிக்கவில்லை என்றால் வடிவமைப்பைவிடப் பராமரிப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டிரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் உள்சுவரில் குழிக்குழியாக இருந்தால் மெருகேற்றிப் பயனில்லை, மாற்றுங்கள் அல்லது உள்ளே ஸ்லீவ் போடுங்கள். டிரம்மைக் கடைசல் போட்டால் விட்டம் கூடும், ஷூவின் வளைவு அதற்குப் பொருந்தாது. நடுவில் மட்டும் தொடும் ஷூ கொஞ்ச நாளைக்குப் பஞ்சு மாதிரி பெடல் கொடுக்கும். டிரம்மில் குறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டவே கூடாது. மாட்டிய பிறகு அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை திருகி, பெடலை ஒருமுறை அழுத்தி ஷூவை நடுவுக்குக் கொண்டுவந்து, லேசான உரசல் கேட்கும் அளவுக்குப் பின்னால் விடுங்கள்.

பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பழைய ரப்பர் ஹோஸைச் சோதியுங்கள். வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே ஊதி, ஒரு வழி வால்வு மாதிரி வேலை செய்யும். அந்தச் சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடரைத் திறந்தால் சக்கரம் விடுபடுகிறது, ஆனால் ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தினால் விடுபடவில்லை என்றால் குற்றவாளி ஹோஸ்தான். அங்கே தளர்த்தியதுமே விடுபட்டால், மேலே மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்.

எதை மாற்றுவது?

முதலில் மாற்றவேண்டியது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். ஃபோர்டு 1939 மாடலில்தான் ஹைட்ராலிக்குக்கு வந்தது. அங்கிருந்து 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அறை, ஒரே சுற்று. எங்கேனும் ஒரு குழாய் உடைந்தால் நான்கும் போயிற்று. இரட்டை அறையில் முன்பக்கம் போனாலும் பின்பக்கம் மிஞ்சும். டிஸ்க் வேண்டாம் என்பவர்களும் இதைச் செய்துகொள்வது நல்லது.

அடுத்தது முன் டிஸ்க். 1953 லீ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் வென்றது. 1955-ல் சிட்ரோயன் டி.எஸ். முன்சக்கரங்களில் அதைக் கொண்டுவந்தது. டிரம் சூடேறும்போது விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகிறது, பெடல் ஆழமாகிறது. டிஸ்க் சூடேறினால் தடிமன் கூடி, அதை இருபுறமும் அழுத்தும் பேடின் பக்கமே வருகிறது. வெப்பமும் சீக்கிரம் வெளியேறும், தண்ணீரும் வழிந்துவிடும்.

ஆனால் டிரம்முக்கு ஒரு ரகசிய உதவி இருந்தது. முன்னோக்கிச் சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக வைக்கும். உங்கள் கால் கொடுத்ததைவிட அதிகம் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த இலவசம் கிடையாது. பேடை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான். எனவே டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும். இங்கேதான் ஜாக்கிக் கணக்கு திரும்பி வருகிறது.

பெடல் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் 30 செ.மீ., மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு மாட்டும் இடம் 5 செ.மீ. என்றால் விகிதம் 6. நீங்கள் 45 கிலோ விசையில் மிதித்தால் மாஸ்டர் பிஸ்டனுக்கு 270 கிலோ. மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டம் 1 அங்குலம் என்றால் பரப்பு 5.07 சதுர செ.மீ., அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 53 கிலோ. அதையே 7/8 அங்குலமாக்கினால் பரப்பு 3.88, அழுத்தம் சுமார் 70. பலமாக மிதிக்கும்போது டிஸ்க் கேட்பது ஏறத்தாழ 60 முதல் 80. ஆக, பூஸ்டர் இல்லாத வண்டியில் ‘பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் நன்றாகப் பிடிக்கும்’ என்பது தலைகீழான யோசனை. பெரிதாக்கினால் பெடல் கல்லாகும், வண்டி நிற்காது. சிறிதாக்கினால் பிடிக்கும், ஆனால் அதே அளவு எண்ணெயைத் தள்ள பெடல் 30 சதவீதம் கூடுதலாக இறங்கவேண்டும். ரொம்பச் சிறிதாக்கினால் பெடல் தரையைத் தொட்டுவிடும். லாபமும் நஷ்டமும் அதே தராசில்.

பூஸ்டர் இந்தத் தராசில் வெளியிலிருந்து வைக்கப்படும் ஒரு கை. எஞ்சினின் வெற்றிடத்தை வைத்து அது விசை சேர்ப்பதால், பெடல் விகிதத்தை 4 அளவுக்குக் குறைத்து, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். எஞ்சின் சும்மா ஓடும்போது பாதரசக் கணக்கில் 18 அங்குல வெற்றிடமாவது வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ரேஸ் வண்டிக்கானதாக இருக்கும் எஞ்சினில் அது கிடைக்காது. டீசல் லாரியில் வெற்றிடமே உருவாகாது, தனி பம்ப் வைக்க வேண்டும். ஏர் பிரேக் லாரியின் கதை வேறு: பின்பக்கச் சேம்பருக்குள் அழுத்திவைக்கப்பட்ட பெரிய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் பலம் கொண்டது. அந்த உறையை வீட்டில் திறக்கவே கூடாது.

சின்ன வால்வுகள், பெரிய தலைவலி

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் பெரும்பாலும் ஒரு மீத அழுத்த வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைப் பிடித்து வைத்து, சிலிண்டர் சீலின் உதடு சுவரோடு ஒட்டி நிற்கச் செய்யும். அதை எடுக்காமல் டிஸ்க்குக்குக் குழாய் இழுத்தால் பேட் உரசிக்கொண்டே ஓடும், டிஸ்க் நீலம் பாரிக்கும். அதே நேரம், மாஸ்டர் சிலிண்டர் வண்டித் தரைக்கு அடியில், பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் எண்ணெய் திரும்பி வழிந்துவிடாமல் இருக்க டிஸ்க் சுற்றில் 2 பி.எஸ்.ஐ. வால்வு வேண்டும். டிரம்முக்கு 10, டிஸ்க்குக்கு 2.

மிதித்ததும் பின்சக்கரம் முதலில் நின்றால் வண்டி பம்பரம் மாதிரி சுழலும். பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் போய்விடுவதால், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் புரபோர்ஷனிங் வால்வு பின் குழாயில் வரவேண்டும். திருகிச் சரிசெய்யும் வகை நல்லது. காலி லாரியின் பின்பக்கம் இன்னும் லேசு என்பதால், காலியாகவும் பாரத்தோடும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

குழாயில் சாதா செம்பு கூடவே கூடாது, அதிர்வில் விரிசல் விட்டு உடையும். எஃகு, அல்லது செம்பு-நிக்கல் கலவை. முனையை விரித்து இரட்டையாக மடித்த ஃப்ளேர் வேண்டும்; ஒற்றை மடிப்பு பிளக்கும். 45 டிகிரி ஃப்ளேரையும் குமிழ் வடிவ ஃப்ளேரையும் கலந்து இறுக்கினால் என்ன இறுக்கினாலும் கசியும், டேப் சுற்றி அதை நிறுத்தப் பார்ப்பது வீண். ஹோஸை இணைக்கும் துளையுள்ள பான்ஜோ போல்டின் செம்பு வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். கேலிப்பர் மாட்டிய உடனே, வேறெதுவும் செய்யும் முன், பழைய ரிம்மை வைத்துக் கையால் சுழற்றிப் பாருங்கள். பல ரிம்கள் கேலிப்பரில் இடிக்கும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, அடிக்கடி நடக்கும் அபத்தம் ஒன்று. இடது, வலது கேலிப்பர் மாறிவிட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் பிளீடர் கீழே வந்துவிடும். காற்று மேலே நிற்கும். எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சுதான். பிளீடர் எப்போதும் உச்சியில் இருக்கவேண்டும். புது மாஸ்டர் சிலிண்டரை மேசையிலேயே ஏர் எடுத்துவிட்டு மாட்டுங்கள். பிறகு பொதுவாகத் தூரத்துச் சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு வாருங்கள்.

புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணெய் திரும்பும் துளை மூடியே இருக்கும். சூடேறி விரியும் எண்ணெய்க்குப் போக இடமில்லாமல், சில கிலோமீட்டரில் பிரேக் இறுகும். சோதிப்பது எளிது. மூடியைத் திறந்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்னொருவரை பெடலை மெல்லத் தொடச் சொல்லுங்கள். தொட்டதுமே எண்ணெயின் மேற்பரப்பில் சின்ன ஊற்று மாதிரி ஒரு துள்ளல் தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. தெரியாவிட்டால் புஷ்ராடின் நீளத்தைக் குறையுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்லக் கீழே போனால் வண்டி வெளியே போகக் கூடாது. கால் கீழே போகாவிட்டால், காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை மிதமாக மிதித்துப் பேடைப் படிய விடுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்தி பெடலை அழுத்திப் பிடித்தால், பேட் தன் அச்சை டிஸ்க்கில் பதித்துவிடும், அப்புறம் ஒவ்வொரு மிதியிலும் ஸ்டியரிங் அதிரும். 100 கி.மீ. ஆனதும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். கண்ணில் படாத கசிவு தாளில் படும்.